ஆடு தேடிப் போன ராத்திரி: ஒரு அஞ்செட்டிக்காரர் எழுதுன காட்டுக்கதை மூணு தடவ மாறுன விவரம்

தர்மபுரில டிடிபி கடை வெச்சு ரொம்ப வருஷம் ஆச்சு. கல்யாணப் பத்திரிக்கை, காதுகுத்துப் பத்திரிக்கை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு அடிச்சுப் பழகுன கைக்கு 2021 லாக்டவுன்ல புதுசா ஒரு வேலை வந்துச்சு. என் தங்கச்சி வீட்டுக்காரரு, ஓசூர்ல ஷிப்ட் பாக்கறவரு, நாலு நோட்டுல ஒரு கதை எழுதி எடுத்துட்டு வந்து "மச்சான், இத டைப் அடிச்சுக் குடுங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க"ன்னாரு. பசங்க படிக்கற காட்டு சாகசக் கதை. அதுக்கப்புறம் அதே கதைய இன்னும் ரெண்டு தடவ முழுசா அடிச்சேன், 2022ல ஒண்ணு, 2023ல ஒண்ணு. அதனால எந்த வரி எப்ப வந்துச்சு, எது எப்ப காணாமப் போச்சுன்னு அவர விட எனக்குத்தான் நல்லா தெரியும், அந்த தைரியத்துலதான் இத எழுதறேன். ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு கதை, அவ்ளோதான் இந்த ஆய்வு. இத வெச்சு ஊர்ல இருக்கற எழுத்தாளருக்கெல்லாம் சட்டம் போட வரல.

ஆளப் பத்தி முதல்ல. கிருஷ்ணகிரி ஜில்லா அஞ்செட்டிக்கு அந்தாண்ட, பஸ் எறங்கி நடந்து போற ஒரு ஊரு. வீட்ல தமிழ், சந்தைல கன்னடம், பக்கத்து தெருவுல தெலுங்கு, மூணும் பேசுவாரு, கோவம் வந்தா மட்டும் கன்னடம். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடம், லீவு நாள்லயும் சாயங்காலத்துலயும் ஆடு. எல்லாம் கருப்பு ஆடு, எங்க பக்கம் சேலம் கருப்புன்னு சொல்ற ஜாதி. தோள்ல ஒரு தொரட்டிக்கோல், கைல தூக்குப்போசி, அதுல ஒரு களி உருண்டையும் மொளகாயும். இப்படி வளந்த ஒரு ஆளு காட்டுக்கதை எழுதுனா எப்படி இருக்கும்னு நெனப்பீங்க? நானும் அப்படித்தான் நெனச்சு நோட்டப் பிரிச்சேன்.

முதல் நோட்டுல பையனுக்கு டவுன் பேரு. கொடியப் புடிச்சு மரத்துக்கு மரம் தாவறான். புதமணல்ல மாட்டறான். சிறுத்தைய கத்தியால குத்திச் சாய்க்கறான். கடைசில சந்தனமரம் கடத்தற கும்பல தனியாளா புடிச்சுக் குடுத்து கலெக்டர் கையால மெடல் வாங்கறான். அடிக்க அடிக்க எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா மாப்ள மொகத்தப் பாத்து சிரிக்கக் கூடாதில்ல, தங்கச்சி வாழற வீடு. மெதுவா கேட்டேன், "மாப்ள, உங்க ஊர்ல புதமணல் எங்க இருக்கு?"

"இல்ல மச்சான். அது கதைக்கு."

"கொடியப் புடிச்சு தாவறது?"

"அதும் கதைக்குத்தான்."

அப்ப நீங்க பாத்ததெல்லாம் எங்கன்னு கேட்டதுக்கு அவரு சொன்னது எனக்கு இன்னைக்கும் காதுல இருக்கு. "ஆடு மேய்ச்சத எழுதுனா யாரு மச்சான் படிப்பாங்க?"

இந்தக் கேசுல முதல்ல புரிஞ்சது இதான். கிராமத்துல பொறந்துட்டா கிராமம் தானா எழுத்துல வந்துடும்னு நம்ம ஆளுங்க ஈசியா சொல்லிடறோம். வராது. டிவிலயும் படக்கதைலயும் பாத்த காடுதான் "கதைக்கான காடு"ன்னு தலைல ஏறி உக்காந்துடுது, தான் நடந்த காடு சும்மா வேலை செய்ற எடமாத் தெரியுது. அதுல கொஞ்சம் கூச்சமும் இருக்கு. ஆடு மேய்ச்சேன்னு ஓசூர்ல கூட வேலை செய்றவங்ககிட்ட சொல்லிக்காத ஆளு அவரு, கதைல எப்படி சொல்லுவாரு.

இன்னொரு விஷயம் வார்த்தைல இருக்கு. எங்க ஜில்லாவுல "காட்டுக்குப் போறேன்"னா பாதி நேரம் மானாவாரிக் கொல்லைக்குப் போறேன்னு அர்த்தம், ராகியோ அவரையோ கொள்ளோ போட்டிருக்கற நெலம். நெஜக் காட்டுக்கு "மலைக்குப் போறேன்", இல்லன்னா "பாரஸ்ட்டுக்குள்ள". ஒரே சொல்லு ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. வெளியூர்க்காரன் கதைல காடுங்கறது ஒரு எல்லையத் தாண்டி உள்ள போற எடம். மாப்ள ஊர்ல அப்படி ஒரு கோடே கெடையாது. கொல்ல முடியற எடத்துல உண்ணிச்செடி, அதுக்கு மேல வெப்பாலையும் மூங்கிலும், அவ்ளோதான். நீ உள்ள போகலன்னாலும் அது உன் கொல்லைக்கு வரும். இத அவரு முதல் நோட்டுல எழுதவே இல்ல.

அந்த ராத்திரி

2022 மாட்டுப் பொங்கலுக்கு அவங்க ஊருக்குப் போயிருந்தேன். சாப்டுட்டு திண்ணைல உக்காந்து பேசிட்டு இருந்தப்ப, சின்ன வயசுல ஒருநாள் ராத்திரி பூரா பாறை மேல படுத்துக் கெடந்தேன்னு போற போக்குல சொன்னாரு. மூணே வரி. ஆடு ஒண்ணு கொறஞ்சுது, தேடிப் போனேன், இருட்டிருச்சு, காலைல வந்தேன். சொல்லிட்டு வெத்தலை எடுத்துட்டாரு. நான் விடல. ரெண்டு மணி நேரம் போலீஸ் மாதிரி கேட்டேன்.

1991, மார்கழி. பதினோரு வயசு. சாயங்காலம் ஆட்டப் பட்டில அடைக்கறப்ப ஒண்ணு இல்ல. எப்படித் தெரியும், எண்ணுனீங்களான்னு கேட்டா "எண்ணறதா? மொகம் கொறையும் மச்சான்"ங்கறாரு. வந்த வழியே ஓடை ஓரமா திரும்பிப் போறாரு. மேல போகப் போக ஆள்காட்டிக் குருவி கத்திட்டே பின்னாடி வருது. அது கத்துனா எதையோ பாத்துருக்கு. பாத்தது நம்மளயா வேறெதையாங்கறதுதான் கேள்வி, அதுக்காக ஒரு எடத்துல அசையாம நின்னு பாக்கணும், நம்ம நின்னும் அது கத்துதுன்னா வேற ஏதோ நடமாடுது. நின்னாரு. கத்துச்சு.

அப்ப அவரு ஓடல. ஓடுனா எங்க ஓடறது. மேல ஒரு பெரிய உருண்டப் பாறை, அது மேல ஏறிட்டாரு. மரத்துல ஏறலாமேன்னு கேட்டேன். என்னப் பாத்த பார்வைல நான் டவுன்காரன்னு எழுதியிருந்துச்சு. யானைன்னா செங்குத்தா இருக்கற பாறை தாங்கும், கரடி மரம் ஏறும், சிறுத்தையும் ஏறும், அதனால மரம் ஆகாது. அவங்க ஊர்ல பசங்களுக்கு புலி சிறுத்தைய விட கரடி பயம்தான் ஜாஸ்தி. அதுக்குக் கண்ணு மங்கல், புத்து நோண்டிட்டு இருக்கறப்ப நம்ம திடீர்னு கிட்டப் போயிட்டோம்னா மொகத்துக்கு நேரா வரும். அதனால புதருக்கிட்ட போறப்ப தொரட்டியால தட்டிட்டே, சத்தமா பாட்டு பாடிட்டே போகணுமாம். முதல் நோட்டுல கரடி ஒண்ணு கூட கெடையாது. ஏன் வெக்கலன்னு கேட்டா "கரடி காமெடியா இருக்கும்னு நெனச்சேன்"ங்கறாரு.

பாறை பகல் பூரா வெயில் குடிச்சிருக்கும், ராத்திரி ஒரு பத்து மணி வரைக்கும் அடுப்பு மாதிரி கதகதன்னு இருக்கும், அதுக்கப்புறம் மார்கழிப் பனில எலும்பக் கொடையும். அவருக்கு அது ஏறும்போதே தெரியும். கீழ கொல்லைங்கள்ல பரண்ல இருக்கறவங்க தகரம் தட்டற சத்தம் கேக்குது, அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சாம், மனுசன் சத்தம் இல்லியா. அப்புறம்தான் ஒறச்சிருக்கு. தகரம் தட்டறது எதுக்கு? ராகில எறங்குன யானைய வெரட்டறதுக்கு. வெரட்டுனா அது எங்க வரும்? மலைக்கு. இவரு இருக்கற எடத்துக்கு.

இங்க நான் கொஞ்சம் நிறுத்தறேன், ஏன்னா இந்த மொத்தக் கேசோட முடிச்சு இதான்னு எனக்குப் படுது. பெங்களூர் பக்கம் இருக்கற பன்னேர்கட்டா காட்டுல இருந்து வருஷா வருஷம் அக்டோபர் நவம்பர் வாக்குல யானைக் கூட்டம் ஜவளகிரி வழியா தேன்கனிக்கோட்டை, ஓசூர், சானமாவுன்னு வரும், ராகி பால் புடிக்கற நேரம். சாயங்காலம் மலைல இருந்து எறங்கும், விடியறதுக்கு முன்னாடி ஏறும். ஊருக்கே தெரிஞ்ச டைம்டேபிள். அந்த டைம்டேபிள் தெரிஞ்சவன் எழுதுனாத்தான் "ஊர்க்காரங்க எழுப்பற சத்தம் அந்தப் பையனக் காப்பாத்தல, அவன் மேலயே ஆபத்த வெரட்டி விடுது"ங்கற திருப்பம் வரும். அவனோட சித்தப்பாவே கீழ தகரம் தட்டிட்டு இருக்கலாம். கொடியப் புடிச்சுத் தாவற கதைல ஆயிரம் சாகசம் வெச்சாலும் இது வராது.

யானை வந்துச்சா? வந்துச்சு. மூங்கில் ஒடியற சத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்ல, அந்த ஒண்ணுமே இல்லாததுதான் மோசமாம். அப்புறம் ரொம்பக் கிட்ட வயித்துக்குள்ள கடமுடன்னு உருளற மாதிரி ஒரு சத்தம். யானைன்னு ராத்திரில வாய் விட்டு சொல்ல மாட்டாங்க அவங்க ஊர்ல, "சாமி வந்துருக்கு"ம்பாங்க. இவரு பாறைல கவுந்து படுத்துட்டு மனசுக்குள்ள கூட யானைன்னு நெனக்காம சாமி சாமின்னே நெனச்சிட்டு கெடந்துருக்காரு. விடிஞ்சு, வெயில் வந்து, அதுக்கப்புறமும் ஒரு மணி நேரம் எறங்கல. ஏன்னா ஏறற நேரம் அது.

வீட்டுக்கு வந்தா ஆடு பட்டில நிக்குது. ராத்திரியே அதுவா வந்துருச்சு.

ரெண்டாவது நோட்டு

நாலு மாசத்துல எழுதிக் கொண்டு வந்தாரு. முதல் நோட்டுல அந்த எடம் எப்படி இருந்துச்சுன்னா: "நள்ளிரவு. காரிருள். கொடிய மிருகங்களின் உறுமல் எட்டுத் திக்கும் ஒலித்தது. வீரன் அஞ்சாமல் முன்னேறினான்." ரெண்டாவதுல: "பாறை இன்னும் சூடாத்தான் இருந்தது. அது எந்நேரம் வரைக்கும் என்று அவனுக்குத் தெரியும்." ரெண்டையும் அடிச்ச கை இது. முதலாவத அடிக்கறப்ப டீ குடிச்சிட்டே அடிச்சேன். ரெண்டாவது வந்தப்ப டீ ஆறிப் போச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, மிருகமே கண்ணுல படல. சின்ன வயசுல காட்ட ஒட்டி வளந்தவங்களுக்கு மிருகத்தப் பாக்கறது சாகசம் கெடையாது, பாக்காம வீடு வந்து சேர்றதுதான். அதனால கதைல வர்ற அறிவு பூரா தப்பிக்கற அறிவு. காத்து எந்தப் பக்கம், சாணி சூடா ஆறுனதா, எந்தப் பழம் திங்கலாம். சூரை, காரை, துடரி, களாக்காய், ஈச்சம்பழம்னு பையன் தின்னுட்டே போறான், பசின்னு ஒரு அழுகை கூட இல்ல.

கடத்தல் கும்பலும் போயிடுச்சு, ஆனா முழுசா போகல. தொண்ணூறுகள்ல அந்தப் பக்கம் வளந்த எல்லாருக்கும் வீரப்பன் காலம் ஒரு நெழலு மாதிரி, 2004 அக்டோபர் 18 பாப்பாரப்பட்டிக்கிட்ட கதை முடியற வரைக்கும். இங்க இருந்து எழுத வர்றவங்கள்ல பத்துக்கு எட்டு பேரு அவர வில்லனாவோ ஹீரோவாவோ வெச்சு ஆரம்பிப்பாங்க, எனக்கு அது சலிச்சுப் போச்சு. மாப்ள ரெண்டாவது தடவ அவரோட பேரையே எடுக்கல. அதுக்குப் பதிலா பையன்கிட்ட யாரு எத கேட்டாலும், வழி கேட்டாலும், பேரு கேட்டாலும், "தெரிலீங்க"ங்கறான். பெரியவங்க அப்படித்தான் சொல்லி வளத்தாங்களாம், மலைல யாரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு, காக்கிச் சட்டை போட்டவன் கேட்டாலும் சரி போடாதவன் கேட்டாலும் சரி. கதை பூரா அந்த ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருது, அந்தக் காலம் பூரா அதுக்குள்ள இருக்கு.

பரணும் மச்சானும்

எங்க பக்கத்துக் காட்டப் பத்தி சாகசம்னு பேச்சு வந்தா, வேட்டைக்கதை எழுதுன கென்னத் ஆண்டர்சன் பேரு வராம இருக்காது. 1910ல பொறந்து 1974ல போயிட்டாரு, பெங்களூர்ல விமானக் கம்பெனில வேலை, தமிழ் கன்னடம் பேசுவாரு. அவரோட முதல் புத்தகம் 1954ல வந்துச்சு, ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், முத்தூர்னு நம்ம ஊர்ப் பேருங்கள உலகத்துக்கே சொன்னது அவருதான், அத யாரும் மறுக்க முடியாது. ஊர்க்காரங்க மேலயும் அவருக்கு மரியாத உண்டு, தடம் பாத்துச் சொன்ன பழங்குடி ஆளுங்களப் பேரோட எழுதுனவரு. ஆனா அவரு கதையோட நடை எப்படி? பெங்களூர்ல இருந்து வண்டி கெளம்பும், துப்பாக்கி இருக்கும், மரத்துல மச்சான்னு ஒரு மேடை கட்டி ஏறி உக்காருவாரு, கடைசில பெரும்பாலும் ஒரு வெடி. போயிட்டு திரும்பி வர்ற கதை.

மச்சான்ங்கறதும் பரண்தான். அதே நாலு கம்பு, அதே உக்கார்ற எடம், அதே தூக்கமில்லாத ராத்திரி. வேட்டைக்காரன் அதுல ஏறறது மிருகம் வரணும்னு. எங்க ஆளுங்க ஏறறது வரக் கூடாதுன்னு. மாப்ளகிட்ட இதச் சொன்னப்ப ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "எங்க தாத்தா பரண்ல தூங்கி விழுந்து இடுப்பு போச்சு, அதையும் சேத்துக்கட்டுமா"ன்னாரு. சேத்துட்டாரு, நல்லா வந்துருக்கு.

சின்ன வயசுல காடு பாத்தவருன்னா புலி வேட்டைக்கதை எழுதுன ஜிம் கார்பெட்டச் சொல்லணும், நைனிடால்ல 1875ல பொறந்து, குளிர்காலம் பூரா கீழ காலாதுங்கில, உண்டிவில்லோட சுத்துன பையன். ஆனா பெரிய அளவுல வெளிவந்த அவரோட முதல் புத்தகம் 1944ல, அவருக்கு 69 வயசு ஆனப்ப. நாப்பது வயசுக்கு மேல எழுத வந்துட்டோமேன்னு மாப்ள ஒருநாள் பொலம்புனப்ப இத சொல்லித்தான் தேத்துனேன்.

மூணாவது நோட்டுல கெட்டதும் தேறுனதும்

2023 மார்ச்ல மாரண்டஅள்ளி பக்கம் ஒரு கொல்லைல திருட்டுத்தனமா போட்ட மின்வேலில மாட்டி 3 யானை செத்துப் போச்சு, 2 குட்டி மட்டும் அந்த எடத்த விட்டுப் போகாம சுத்திட்டு நின்னுச்சு. போட்டோ எல்லார் போன்லயும் வந்துச்சு. அடுத்த வாரம் மாப்ள போன் பண்ணி, யானை வர்ற அத்தியாயம் பூரா திரும்ப எழுதறேன்னாரு. ரெண்டாவது நோட்டுல யானைங்கறது வெறும் பயம். மூணாவதுல அதுக்கும் தகரச் சத்தம் கேக்குது, அதுக்கும் குட்டி இருக்கு, அதுவும் வீட்டுக்குப் போயிட்டு இருக்கு. பாறை மேல ஒண்ணு, பாறைக்குக் கீழ ஒண்ணு, ரெண்டும் அதே சத்தத்துக்குப் பயந்துட்டு. இது சின்ன வயசுல கெடச்ச அறிவு இல்ல, நாப்பத்து மூணு வயசுல வந்தது. ஆனா அந்த வயசுல அங்க படுத்துக் கெடக்கலன்னா இதுவும் வந்துருக்காது.

கெட்டது என்னன்னா, பாராட்டு கேட்டதும் மனுசன் தெரிஞ்சதெல்லாம் கொட்டிட்டாரு. ஆலம்பாடி மாட்டுப் பட்டி பத்தி நாலு பக்கம், ஒகேனக்கல் பேரு கன்னடத்துல பொகைக்கல்லுங்கறதுல இருந்து வந்த கதை ஒரு பக்கம், பிலிகுண்டுலுல காவேரித் தண்ணி அளக்கறத பத்தி ரெண்டு பக்கம், பரிசல் அப்ப தோல்ல இருந்தது இப்ப பைபர்ல வர்றது ஒரு பக்கம். ஏழாவது படிக்கற என் பொண்ணுகிட்ட குடுத்தேன். பாதில மூடி வெச்சுட்டு "அப்பா, ஆடு கெடச்சுதா இல்லியா, அத மட்டும் மாமாகிட்ட கேட்டுச் சொல்லு"ன்னா. எட்டுப் பக்கம் வெட்டுனோம். அந்த எட்டுப் பக்கமும் நல்ல விஷயம்தான், ஆனா ஆடு காணாமப் போயிருக்கறப்ப எவனும் ஊர்ப் பேருக்கு அர்த்தம் சொல்லிட்டு நிக்க மாட்டான்.

இன்னொரு ஓட்டையையும் என் பொண்ணுதான் காட்டுனா, கதைல பொண்ணுங்களே இல்ல. மாப்ள அவங்க அக்காவுக்குப் போன் போட்டாரு. அவங்க சொன்ன காடு வேற காடு. ஆடு மேய்க்கறவன் தலை நிமிந்து நடப்பான், வெறகுக்குப் போறவ தலைல கட்டு இருக்கறதால கழுத்தத் திருப்ப முடியாது, ஒரு கை கட்டப் புடிச்சிருக்கும், தரையத்தான் பாத்துட்டு வருவா. அதனால தடம், சாணி, பாம்புச் சட்டை எல்லாம் அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். ஒரே ஊரு, ஒரே வீடு, ஒரே மலை, தம்பிக்கு காதுல இருக்கற காடு அக்காவுக்கு காலடில. இப்ப கதைல ஒரு அக்கா இருக்கா, பையன விட அவதான் கெட்டிக்காரி.

இந்த வளர்ப்பு இனிமே யாருக்கும் கெடைக்காதுங்கறதும் கேசுல சேத்தி. 2014ல காவேரி வடக்கு சரணாலயம், 2022ல காவேரி தெற்கு, தெற்கு மட்டும் 686 சதுர கிலோமீட்டர். சரணாலயத்துக்குள்ள மேய்ச்சலுக்குக் கோர்ட்டுத் தடையும் இருக்கு. மிருகத்துக்கு நல்லதுதான், நான் எதுத்துப் பேசல. மாப்ள பசங்க ஓசூர்ல டியூஷன் போறாங்க, அப்பா ஊருக்குப் போனா சிக்னல் இல்லன்னு அழறாங்க. அவங்களுக்காகத்தான் எழுதுனேன்னு அவரு சொல்றாரு, நான் முழுசா நம்பல.

அத்தை சொன்னது

போன தை மாசம் மூணாவது நோட்ட எடுத்துட்டு ஊருக்குப் போனோம், அத்தைக்கு, அதாவது மாப்ளயோட அம்மாவுக்கு, படிச்சுக் காட்டலாம்னு. எழுபது தாண்டிருச்சு, காது நல்லா கேக்கும். மாப்ள படிக்க வெக்கப்பட்டாரு, நான்தான் படிச்சேன். பையன் ஆடு கொறையறதப் பாத்து யார்கிட்டயும் சொல்லாம தானா மலையேறிப் போற எடம். அத்தை கை காட்டி நிறுத்துனாங்க.

"எந்த ஆடு அது?"

"கெடாக்குட்டிம்மா. நெத்தில வெள்ள இருக்குமே."

"கெடாவா? அது நெறமாசப் பொட்டை. நடக்க முடியாம பின்னாடி தங்கிருச்சு." கொஞ்ச நேரம் ராகி மொறத்தையே பாத்துட்டு இருந்தாங்க. "நீயா எங்கடா போன. நான்தான் போடான்னு தொரத்துனேன். போயிட்டு ஆட்டோட வா இல்லன்னா வராதன்னு சொன்னேன். அத எழுதல?"

மாப்ள ஒண்ணும் சொல்லல. முப்பது வருஷமா தானா போனதா நெனச்சிட்டு இருந்துருக்காரு, இல்ல, நெனச்சிக்கலாம்னு இருந்துட்டாரோ, எனக்குத் தெரியல. அத்தை எழுந்திருச்சு மொறத்த எடுத்துட்டு உள்ள போயிட்டே, "ராத்திரி பூரா தகரம் தட்டுனது யாருன்னு நெனச்ச"ன்னாங்க.

ஓசூர் வர்ற வரைக்கும் பஸ்ல அவரு பேசல. எறங்கறப்ப மட்டும், "மச்சான், முதல் அத்தியாயத்த டைப் அடிச்சதுல இருந்து எடுத்துடுங்க"ன்னாரு.